அயோடின் எந்த உணவில் இருக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: அயோடின் ஒருவருக்கு எவ்வளவு தேவை? எதற்காக?

பதில்: தைராய்டு சுரப்பிக்காக. அது சுரக்கும் தைராக்சின் ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. உடல் சூடும் இதயத் துடிப்பும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் அந்த ஹார்மோனைச் சார்ந்தவை. பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். எழுபது ஆண்டுக்குக் கணக்குப் போட்டாலும் நான்கு கிராமைத் தொடாது!

கேள்வி: எந்தக் காயில், எந்தக் கீரையில் அதிகம்?

பதில்: காயின் பெயரைச் சொல்லி இதற்குப் பதில் தர முடியாது. செடிக்கு அயோடின் மண்ணிலிருந்துதான் வர வேண்டும். மண்ணில் இருந்ததையோ மழையும் பனியாறுகளும் காலங்காலமாகக் கடலுக்கு அரித்துக்கொண்டு போய்விட்டன. அதனால்தான் மலைநாடுகளில் முன்கழுத்துக் கழலை, அதாவது அயோடின் போதாமல் தைராய்டு வீங்குவது, ஊரெல்லாம் இருந்தது. 1922இல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கியதும் இதற்காகத்தான். ஒரே காய் ஒரு வயலில் விளைந்தால் ஓரளவு தரும், இன்னொரு வயலில் விளைந்தால் ஒன்றும் தராது. காய்களுக்கு எதிரே துல்லியமான எண் போட்ட பட்டியல்களை நான் நம்புவதில்லை.

கேள்வி: கடலில்தான் அயோடின் என்றால், சாதாரணக் கடல் உப்பே போதுமே?

பதில்: கேட்க நியாயமாகத் தோன்றும், கணக்கு ஒத்துவராது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பும் 60 மைக்ரோகிராம் அளவுக்கு அயோடினும் இருக்கின்றன. காய்ச்சும்போது அத்தனையும் உப்பிலேயே தங்குவதாக வைத்துக்கொண்டாலும், நாம் உண்ணும் ஐந்து கிராமில் ஒன்பது மைக்ரோகிராம்கூடத் தேறாது. பாறை உப்பும் இதே கதைதான், நிறம் எதுவானாலும். கடலில் வாழும் உயிர்கள்தாம் அயோடினை உறிஞ்சித் திரட்டுகின்றன. கடற்பாசி அதில் முதலிடம். அடுத்து காட் போன்ற கடல்மீன்கள், சிப்பி, இறால். நன்னீர் மீனில் பொதுவாகக் குறைவு.

கேள்வி: நான் மீன் உண்பதில்லை. பால், முட்டை?

பதில்: பால், தயிர், முட்டையின் மஞ்சள் கரு மூன்றும் நல்லவை. பாலில் எவ்வளவு என்பது மாட்டின் தீவனத்தைப் பொறுத்தது. பால் கறக்குமுன் மடியைத் துடைக்கும் அயோடின் மருந்திலிருந்தும் சிறிது சேர்கிறது. பலருக்கு இது வியப்பாக இருக்கும். சோயா பால், பாதாம் பாலில் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. அவற்றையே குடிப்பவர்கள் அயோடின் கலந்த உப்பை விடக் கூடாது.

கேள்வி: எனக்குத் தைராய்டு குறைவு. தினமும் கடற்பாசிப் பொடி சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். அயோடின் உப்பு புழங்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்குவது. அதற்கு அயோடினைக் கொட்டினால் நிலைமை மோசமாகலாம். கெல்ப் வகைப் பாசியில் ஒரு கிராமிலேயே ஆயிரம் மைக்ரோகிராமைத் தாண்டக்கூடும். ஐரோப்பாவில் நாளுக்கு 600, அமெரிக்காவில் 1100 என்பதே உச்ச வரம்பு. நோரி எனும் உலர்ந்த கடற்பாசித் தாளில் இதைவிட மிகக் குறைவு, எப்போதாவது உண்பதில் பயமில்லை. பொடியும் மாத்திரையும்தான் என் கவலை.

கேள்வி: முட்டைக்கோஸ் தைராய்டுக்கு ஆகாதாமே?

பதில்: சமைத்து அளவாக உண்டால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: நான் கருவுற்றிருக்கிறேன். கூடுதலாக வேண்டுமா?

பதில்: ஆம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 250 மைக்ரோகிராம், பாலூட்டும்போதும் அதே அளவு. தொடக்க மாதங்களில் கருவின் மூளை உங்கள் தைராய்டு ஹார்மோனை நம்பியே வளர்கிறது. நீங்கள் விழுங்கும் சத்து மாத்திரையின் அட்டையில் அயோடின் என்று இருக்கிறதா பாருங்கள், எல்லாவற்றிலும் இருப்பதில்லை. இல்லையென்றால் நீங்களாக ஒன்றை வாங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்துவிட்டேன். அயோடினும் குறையுமே?

பதில்: குறையும். அதற்காக உப்பைக் கூட்டிவிடாதீர்கள். பாலோ மீனோ முட்டையோ அந்த இடத்தை நிரப்பட்டும். போடுகிற கொஞ்ச உப்பும் அயோடின் கலந்ததாக இருக்கட்டும்; டப்பாவை மூடி ஈரம் படாமல் வையுங்கள், அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் போடுங்கள்.