தண்ணீர் வற்றுகிறது, உப்பு வற்றுவதில்லை

கேள்வி: மகள் ஆசைப்பட்டாள் என்று ஏப்ரல் தொடக்கத்தில் வீட்டில் மெரைன் டேங்க், அதாவது கடல்நீர் மீன்தொட்டி, வைத்தோம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பத்து நாளில் நான்கு நீமோ மீன்களும், காளான் பவளம், பட்டன் பாலிப் என்று இரண்டு பவளங்களும் விட்டோம். ஆறு வாரத்தில் மூன்று மீன்கள் செத்துவிட்டன. பவளங்கள் சுருங்கி வெளுத்துக்கொண்டே வருகின்றன. கடையில் சொன்னபடி தண்ணீர் குறையக் குறைய லிட்டருக்கு 35 கிராம் உப்பு கலந்துதான் ஊற்றுகிறேன். இரண்டு நாளைக்கு இரண்டு லிட்டர் பிடிக்கிறது. என்ன தப்பு? ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து உயிருள்ள பவளம் கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா? மகள் அடுத்து டோரி மீன் கேட்கிறாள்.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அளவுகளோடு எழுதியது நல்லதாகப் போயிற்று. கோளாறு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

தொட்டியில் குறைவது ஆவியாகிப் போகும் தண்ணீர். ஆவியோடு உப்பு போவதில்லை. குழம்பு வற்றினால் கரிக்கிற மாதிரிதான். அதனால் குறைந்த இடத்தை நிரப்ப உப்பில்லாத வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பு கலந்த தண்ணீர், பழைய தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் புதிது மாற்றும் நாளுக்கு மட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கல், மணல் போக உங்கள் தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் இருக்கும். நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் 42 நாளில் நீங்கள் கூடுதலாகப் போட்ட உப்பு ஏறக்குறைய ஒன்றரை கிலோ. லிட்டருக்கு 35 கிராமில் தொடங்கிய தண்ணீர் இப்போது 45 கிராம் பக்கம் நிற்கும். உலகத்தின் உப்பு மிகுந்த கடல்களில் ஒன்றான செங்கடலே 40-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அந்தக் கடைசி மீன் இதையும் தாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கிறதே, அதை முதலில் காப்பாற்றுவோம்.

அவசரப்பட்டு ஒரே நாளில் உப்பை இறக்காதீர்கள், பவளம் அந்த அதிர்ச்சியைத் தாங்காது. தினமும் 5 லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு 5 லிட்டர் வெறும் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் 35-க்கு வந்துவிடும். ஆனால் இது என் கணக்கு. நம்ப வேண்டியது மீட்டரை. தண்ணீரின் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி, அதோடு விற்கும் 35 அளவுக் கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் சின்னக் குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். 35 வந்ததும், பம்புகள் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் தினமும் காலையில் அந்தக் கோடு வரை வெறும் தண்ணீர், அவ்வளவுதான்.

வெறும் தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் இல்லை, ஆர்.ஓ. தண்ணீர். இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். இப்போது வரும் வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் தாமிரச் சத்து சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. நமக்கு அது பரவாயில்லை. பவளத்துக்கும் இறாலுக்கும் தாமிரம் விஷம். அப்படிப்பட்ட இயந்திரமாக இருந்தால், அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு முன்னாலேயே தண்ணீர் பிடிக்க வழி செய்யச் சொல்லுங்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கடையில் தரும் மருந்துகளில் பலவும் தாமிரம் கலந்தவை. பவளம் இருக்கும் தொட்டியில் அவற்றை ஊற்றவே கூடாது.

இரண்டாவது தப்பு அந்தப் பத்து நாள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குமுன் நான்கு மீன்களை விட்டால் அவை தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறும். முதலில் செத்தவை அனேகமாக இதனால்தான். இப்போது டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டுகின்றனவா என்று பாருங்கள். காட்டாதவரை புதிதாக எந்த உயிரும் வேண்டாம்.

பவளம் வெளுப்பதற்கு உப்போடு வெயிலும் சேர்ந்திருக்கும். பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. நிறமும் சாப்பாட்டில் பெரும்பகுதியும் அவற்றிடமிருந்துதான் கிடைக்கிறது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். மதுரையின் மே மாதத்தில் மூடி போட்ட தொட்டி 32-க்கு மேல் போவது சாதாரணம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் குதிக்காமல் இருக்க வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பில் படும்படி ஒரு மேஜை ஃபேன் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் இன்னும் வேகமாக வற்றும், அதற்குத்தான் அந்தக் கோடு. அதற்குப் பிறகும் 28-க்குக் கீழே வரவில்லை என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வாங்கத்தான் வேண்டும். செலவு கூடுதல்தான், ஆனால் நம் ஊர்க் கோடையில் பவளம் வளர்ப்பவருக்கு வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கரண்ட் போனால் சில்லரை இன்வெர்ட்டர் இழுக்காது. தண்ணீரைச் சுழற்றும் வேவ் மேக்கரை மட்டும் அதில் போட்டுவையுங்கள்.

மண்டபத்துப் பவளம்? வேண்டவே வேண்டாம். நம் கடலின் கல் பவளங்கள், கடல் விசிறிகள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லிருந்தே இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, விற்றவரோடு நீங்களும் மாட்டுவீர்கள். சட்டத்தை விடுங்கள், அந்தக் கடலின் நிலையைப் பாருங்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அமைத்தார்கள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 2016 கோடையில் கடல் சூடேறி, உங்கள் தொட்டியில் நடப்பதே அங்கே பெரிய அளவில் நடந்தது. மிச்சமிருப்பதிலிருந்து ஒரு துண்டைக்கூட நாம் உடைத்து எடுக்கக் கூடாது. பாறைக்கும் கடலிலிருந்து எடுத்த கல் வேண்டாம், கடைகளில் செயற்கைப் பாறை கிடைக்கிறது.

பட்டன் பாலிப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்த வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. அது செத்துப்போனால் ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போட்டுக் கழுவிவிடாதீர்கள், ஆவியை மூச்சில் இழுத்து வீடே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு. கையுறை போட்டு எடுங்கள். மகளை அதைத் தொட விடாதீர்கள்.

டோரி ஓரடி வரை வளரும், நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் மீன். மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. மகளிடம் அதை அப்படியே சொல்லலாம், குழந்தைகளுக்குப் புரியும். உப்பும் சூடும் இரண்டு மாதம் ஆடாமல் நின்றால், இருக்கும் நீமோவுக்கு அதைவிடச் சின்னதாக ஒரே ஒரு துணை மீன் வாங்கிக் கொடுங்கள். நீமோக்களில் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும், பெரியது பெண்ணாக மாறிவிடும், அதை அவள் கண்ணாலேயே பார்க்கலாம். கடையில் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீனா என்று கேளுங்கள். உங்கள் எதிரிலேயே தீனி போடச் சொல்லி, பாய்ந்து வந்து தின்கிற மீனை மட்டும் வாங்குங்கள்.