முட்டையை மிதித்து உள்ளே வருதல்

அன்புள்ள ஐயா,

போருக்குப் பிந்தைய வடக்கு உகாண்டாவைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். பெற்றோரை இழந்த பிள்ளைகள் பாரம்பரிய ஆட்டத்தாலும் பாட்டாலும் தேறி வந்தார்கள், அங்கே வாழும் அச்சோலி மக்கள் கொலை செய்தவர்களையும் மன்னித்து ஊருக்குள் சேர்த்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்த அன்று நெகிழ்ச்சியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து எரிச்சல் வந்தது. தாய் தகப்பனைக் கண்ணெதிரே பறிகொடுத்த பிள்ளையிடம் போய் 'மன்னித்துவிடு' என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ஆட்டமும் பாட்டும் அந்தப் பிள்ளைக்கு ஆறுதலா, வேடிக்கை பார்க்கிற நமக்கா?

காரணம் இருப்பதால்தான் கேட்கிறேன். வார இறுதிகளில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே ஒன்பது வயதுப் பையன் ஒருவன். போரில் அவன் குடும்பத்தில் அவன் மட்டும்தான் மிச்சம். வாயே திறக்க மாட்டான். மற்றவர்கள் பாடும்போது மேசை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருப்பான். ஆண்டு விழாவில் அவனையும் பாட வைக்க வேண்டும் என்கிறது நிர்வாகம். விருந்தினர்கள் வருவார்களாம். நான் என்ன செய்வது?

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆட்டத்தையும் மன்னிப்பையும் ஒரே மூச்சில் சொன்னது என் தப்பு. இரண்டும் வேறு வேறு வேலைகள், செய்ய வேண்டியவர்களும் வேறு வேறு ஆட்கள்.

முதலில் மன்னிப்பு. 1987 வாக்கில் ஜோசப் கோனி தொடங்கிய 'இறைவனின் எதிர்ப்புப் படை' வடக்கு உகாண்டாவை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆட்டிவைத்தது. அந்தப் படைக்கு ஆள் சேர்க்கும் வழி பிள்ளைகளைக் கடத்துவது. 25,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கடத்தப்பட்டிருக்கலாம் என்பது யூனிசெஃப் மதிப்பீடு. போர் உச்சத்தில் இருந்தபோது இருட்டுவதற்கு முன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு குலு, கிட்கும் நகரங்களுக்கு நடந்து வந்து, கடைத் தாழ்வாரத்திலும் ஆஸ்பத்திரி முற்றத்திலும் படுத்துவிட்டு, விடிந்ததும் திரும்பிப் போன பிள்ளைகள் மட்டும் ஓர் இரவுக்கு 40,000 பேர் வரை.

கடத்திப் போனவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சில பிள்ளைகளைத் தங்கள் ஊர்க்காரரையே, சொந்தக்காரரையே, சில நேரம் பெற்றவர்களையே கொல்ல வைத்தார்கள். தப்பித்துப் போக நினைத்தாலும் போய்ச்சேர ஓர் ஊர் இருக்கக் கூடாது, அதுதான் கணக்கு.

இங்கேதான் உங்கள் கேள்வி தலைகீழாகிறது. அந்த நாட்டில் அநாதைப் பிள்ளை என்றும் கொலை செய்த பிள்ளை என்றும் இரண்டு வரிசை பிரித்து நிறுத்த முடியாது. பல நேரம் இரண்டும் ஒரே பிள்ளை. அவன் யாரை மன்னிப்பான் என்பது அப்புறம். அவனை ஊர் உள்ளே விடுமா என்பதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் நின்ற கேள்வி.

அதற்கு அச்சோலி மக்களிடம் ஒரு பழைய சடங்கு இருந்தது. ஞோனோ தோங் க்வெனோ, அதாவது முட்டையை மிதித்தல். நெடுநாள் வெளியே போயிருந்தவன், வெளியே அசுத்தப்பட்டிருக்கக் கூடியவன், வீடு திரும்பும்போது செய்வது. வாசலில் ஒபோபோ என்ற மரத்தின் குச்சியைப் பிளந்து அதன் கவையில் ஒரு கோழிமுட்டையை வைக்கிறார்கள். பக்கத்தில் லயிபி: குதிரின் மூடிக்கு முட்டுக்கொடுத்துத் திறக்கிற கோல். வருகிறவன் காலால் முட்டையை மிதித்து உடைத்து, கோலைத் தாண்டி உள்ளே வர வேண்டும். முட்டைக்கு வாயில்லை, யாருக்கும் தீங்கு செய்ததில்லை. ஒபோபோவின் பட்டை வழுவழுப்பானது, அழுக்குப் போக்கத் தேய்ப்பார்கள். எனக்கு இதில் பிடித்தது லயிபிதான். நீ தின்று வளர்ந்த தானியம் இந்தக் குதிரில்தான் இருக்கிறது, வா என்று ஒரு கோலை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். பையன் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. என்ன செய்தாய் என்று அந்த வாசலில் யாரும் கேட்பதும் இல்லை.

கொலைக்கு இருக்கிற சடங்கு வேறு: மதோ ஓபுட், 'கசப்பு வேரைக் குடித்தல்'. வெளியூர்க்காரர்கள் இதைப் பற்றி எழுதும்போது, இரண்டு தரப்பும் ஒரே சுரைக்குடுக்கையில் தலை முட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் வைத்து, கசப்பைக் குடிக்கிற காட்சியோடு நிறுத்திவிடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அந்தக் குடுக்கை கடைசியில் வருவது. அதற்கு முன்னால் செய்தவன் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் இரண்டு குலத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் நடக்க வேண்டும். ஈடு கட்ட வேண்டும், முன்பெல்லாம் அது மாடு. கட்டுவது கொன்றவன் ஒருவன் மட்டும் இல்லை, அவன் குலம் முழுவதும். வாங்கிக்கொள்வதும் குலம்தான்.

தகப்பனை இழந்த பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து மனசு இளகு என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கடன் அது. பிள்ளையின் மனசு அதன் வேகத்தில் வரும், வராமலும் போகும். போருக்குப் பின் வந்த எத்தனையோ பேர் இந்த வரிசையை மாற்றிவிட்டார்கள். ஒப்புக்கொள்ளலும் ஈடும் இல்லாமல் நேரே மன்னிப்புக்குப் போய், அதையும் பாதிக்கப்பட்டவரிடமே கேட்டார்கள். உங்களுக்கு வந்த எரிச்சலை அங்கே இருந்தவர்களும் பட்டிருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மொழியும் ஒரு காரணம். 2000இல் உகாண்டா பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஆயுதத்தைப் போட்டுவிட்டு வருகிறவர்மேல் வழக்கு இல்லை என்றது அந்தச் சட்டம். 26,000க்கும் மேற்பட்டவர்கள் அதில் வெளியே வந்தார்கள். அச்சோலி மொழியில் அரசு தருகிற பொதுமன்னிப்புக்கும் மனிதர் மனிதரை மன்னிப்பதற்கும் 'கிச்சா' என்ற ஒரே சொல்தான். அரசு கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் ஊர்க்காரர்களின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சடங்குகளுக்கும் எல்லை உண்டு. மதோ ஓபுட் இரண்டு குலங்களுக்குள் நடந்த கொலைக்கு உருவானது. யார் யாரைக் கொன்றார் என்றே தெரியாத போருக்கு உருவானதில்லை. 1980களின் கடைசியிலேயே அச்சோலி மக்களின் மாட்டுப்பட்டிகள் கொள்ளை போய்விட்டன. மாடே இல்லாத ஊரில் எதைக் கொண்டு ஈடு கட்டுவது? இன்னொரு பக்கம் டொமினிக் ஓங்வென். ஒன்பது வயது வாக்கில் பள்ளிக்கூடம் போகிற வழியில் கடத்தப்பட்டவர், வளர்ந்து அதே படையின் தளபதியானார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் 61 குற்றங்களில் அவரைக் குற்றவாளி என்றது. மே மாதம் 25 ஆண்டுத் தண்டனை. கடத்தப்பட்ட குழந்தை என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் அந்த 25. எந்த முட்டையை எந்த வாசலில் வைத்தாலும் இந்த மனிதரின் கணக்கு தீராது என்றுதான் நினைக்கிறேன். நீதிமன்றம் வேண்டியிருக்கிறது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

போர்க்காலத்தில் பதினெட்டு லட்சம் பேர் வரை முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். குடிசைக் கூரைகள் ஒன்றோடொன்று உரசும் நெருக்கம். அச்சோலி வீடுகளில் ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கிழவர்கள் கதை சொல்வதற்கு 'வாங் ஓ' என்று பெயர். பிள்ளைகள் முறை, உறவு, குலம், பாட்டு எல்லாம் கற்றுக்கொண்ட இடம் அதுதான். முகாமில் அந்த நெருப்பு அணைந்தது. ஊரடங்கு, விறகுக்குப் போனால் உயிர் பயம், முற்றத்துக்கே இடமில்லை. ஒரு தலைமுறை அந்த நெருப்பைப் பார்க்காமலே வளர்ந்தது. அதனால்தான் முகாம் பள்ளிக்கூடங்களில் ஆட்டம் சொல்லிக்கொடுத்ததைப் பொழுதுபோக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

2005இல் பதோங்கோ முகாமின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கம்பாலாவில் நடந்த தேசிய இசைப் போட்டிக்குப் போனார்கள். அவர்கள் ஆடியது ப்வோலா. தலைவரின் அவையில் ஆடுகிற ஆட்டம். எல்லோரும் வட்டமாக நிற்பார்கள், ஆண்கள் கையில் ஆளுக்கொரு சின்ன மேளம். ஆடிக்கொண்டே அவரவர் மேளத்தை அவரவர் அடிக்க வேண்டும். ஒருவன் அரை அடி தவறினால் வட்டம் முழுவதற்கும் கேட்டுவிடும். லராக்கராக்கா இன்னொரு ஆட்டம், இளசுகள் ஜோடி பார்க்க ஆடுவது. அதற்குத் தாளம் பாதியாக வெட்டிய சுரைக்குடுக்கை, அதைத் தட்டுவது சைக்கிள் சக்கரக் கம்பிகளால்.

இதில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? 'துக்கத்தை வெளிப்படுத்துகிறான்' என்கிற விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. ப்வோலாவில் துக்கத்துக்கு இடமே இல்லை, அது மிடுக்கான ஆட்டம். கிடைப்பது வட்டத்தில் ஓர் இடம். அவன் வராவிட்டால் அந்த இடம் காலியாகத் தெரியும். காலை இப்படி வைக்காதே என்று அதட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். அடிபட்ட பிள்ளையை எல்லோரும் பரிதாபமாகவே பார்த்துக்கொண்டிருக்கும்போது, காலைப் பார்த்துத் திட்டுகிற ஒருவர் பெரிய விஷயம். அப்புறம் அடுத்த அடி எப்போது விழும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். எந்த நேரம் என்ன வந்து விழுமோ என்று பல வருஷம் கிடந்த உடம்புக்கு அது லேசான செய்தி இல்லை.

இதற்கு மேல் போனால் கதை விட்டவன் ஆவேன். குலு பக்கத்து முகாம்களில் 14 முதல் 17 வயதுள்ள 314 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குக் குழுவாக உட்கார்ந்து பேசும் சிகிச்சை, ஒரு பிரிவுக்குப் படைப்பு விளையாட்டுகள், ஒரு பிரிவு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் பெறாமல் காத்திருந்தது. மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது பேசும் குழுவில் இருந்த பெண்பிள்ளைகளுக்குத்தான். விளையாட்டுப் பிரிவில் மனச்சோர்வு குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்குப் பிடிக்காத முடிவுதான், ஆனாலும் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. அந்த விளையாட்டுகளும் ப்வோலாவும் ஒன்றில்லை என்று வாதாடலாம். ஆட்டம் மருத்துவத்துக்குப் பதில் ஆகாது என்பது அப்போதும் மாறாது. தூக்கம் வராத பிள்ளைக்கு மருத்துவரும் வேண்டும்.

பாரம்பரிய இசை என்றாலே நல்லது என்ற நினைப்பும் வேண்டாம். ருவாண்டாவின் புகழ்பெற்ற பாடகர் சிமோன் பிகிண்டி ஒரு பாரம்பரிய நடனக் குழுவையும் நடத்தியவர். 1994 இனப்படுகொலையின்போது வண்டியில் போய்க்கொண்டே ஒலிபெருக்கியில் டுட்சி இன மக்களை அழிக்கச் சொன்னதற்காக 2008இல் 15 ஆண்டுத் தண்டனை பெற்றார். அவர் பாட்டுகளை அந்த நாட்களில் வானொலி திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. அதே நாட்டில் 2004இல் தொடங்கிய இங்கோமா ன்ஷ்யா என்ற குழுவில், பெண்கள் தொடக்கூடாது என்றிருந்த மேளத்தைக் கொன்றவர் பக்கத்துப் பெண்களும் கொல்லப்பட்டவர் பக்கத்துப் பெண்களும் சேர்ந்து அடிக்கிறார்கள். அங்கே பழைய வழக்கத்தை மீறியதால்தான் காரியம் நடந்தது.

கம்போடியாவின் ஆர்ன் சோர்ன்-பாண்ட் கதை உங்களுக்குப் பயன்படலாம். கெமர் ரூஜ் என்ற கொடுங்கோல் கம்யூனிஸ்ட் அமைப்பு அந்த நாட்டை ஆண்ட காலத்தில், பட்டம்பாங் பக்கம் ஆட்களைக் கொண்டுவந்து கொன்ற ஒரு கோயிலில், சிறுவனான அவரைப் புல்லாங்குழலும் கிம் என்ற தந்தி வாத்தியமும் கற்கவைத்தார்கள், படையினருக்கு வாசிக்க. வாசித்ததால் உயிர் பிழைத்தார். அப்படிப்பட்டவருக்கு வாத்தியம் எப்படி மருந்தாக இருக்க முடியும்? ஆனால் பல ஆண்டு கழித்து அமெரிக்காவிலிருந்து திரும்பிப்போய், தனக்கு அன்று கற்றுக்கொடுத்த ஆசிரியரைத் தேடிப் பிடித்தார். உயிரோடு மிஞ்சியிருந்த மூத்த கலைஞர்களைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தை 1998இல் தொடங்கினார். காயம் பட்ட அதே இடத்துக்குத் திரும்பிப் போக அவருக்குப் பல வருஷம் ஆனது. யாரும் அவருக்குத் தேதி குறிக்கவில்லை.

உகாண்டாவில் கோனியின் படை கடத்திப்போய் வைத்திருந்த பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அச்சோலி வழக்கில் குலமும் நிலமும் தகப்பன் வழியாக வருவது. இவர்களுக்குத் தகப்பன் குலமே தெரியாது, தெரிந்தாலும் சொல்ல முடியாது. பள்ளிக்கூட வட்டத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்கு மாமன் வீட்டு நிலத்தில் இடம் கிடைக்காமல் போகிறது. 'கோனியின் பிள்ளை' என்று கூப்பிடுகிறார்கள். முட்டை அவர்களுக்காகவும் உடைந்தது. நிலம் மட்டும் வரவில்லை.

உங்கள் பையனுக்கு வருகிறேன். ஆண்டு விழாவில் அவனை நிறுத்தாதீர்கள். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. விருந்தினர் கண்கலங்குவதற்காக ஒரு பிள்ளை வேலை செய்யக் கூடாது. நிர்வாகத்திடம் தொண்டை சரியில்லை என்று பொய் சொன்னாலும் பரவாயில்லை.

அவன் பாடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படுவது வேறு. அவன் மேளத்தை எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறான், மேசை விளிம்பில் வைத்திருக்கிறான், அவ்வளவுதான். இத்தனை நாள் நீங்கள் பாட, அவன் உங்களுக்குத் தட்டினான். அடுத்த வாரம் மாற்றிப் பாருங்கள். பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அவன் தட்ட ஆரம்பிக்கும்வரை காத்திருங்கள். அப்புறம் அவன் வேகத்துக்கு நீங்கள் பாடுங்கள். வேகம் கூட்டினால் கூட்டுங்கள், நிறுத்தினால் பாதிச் சொல்லில் நிறுத்துங்கள். அவனைப் பார்க்க வேண்டாம். முதல் தடவை அவன் விரலை எடுத்துவிடுவான் என்று நினைக்கிறேன். இரண்டாவது தடவை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பான், நீங்கள் நிற்கிறீர்களா என்று.

எந்த இடத்தில் நிறுத்தினான் என்று எனக்கு எழுதுங்கள்.