தருமபுரியில் இருந்துகொண்டே விண்வெளித் தொலைநோக்கித் தரவை ஆராய முடியுமா?

தருமபுரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிப்பதாகவும், கல்லூரியில் பெரிய தொலைநோக்கி இல்லையென்றும், வானியல் ஆய்வு செய்ய வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக உண்டு. ஹப்பிள், கெப்ளர், டெஸ், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவு அமெரிக்காவின் மாஸ்ட் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வெப் தரவில் பெரும்பகுதி, அதைக் கேட்டுப் பெற்ற குழுவிடம் ஓராண்டு வரை இருந்துவிட்டுத்தான் பொதுவுக்கு வரும். டெஸ்ஸில் அந்தக் காத்திருப்பே இல்லை. அதனால் அங்கே தொடங்குங்கள்.

பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேட 2018இல் ஏவப்பட்ட டெஸ், வானத்தின் ஒவ்வொரு பகுதியையும் சுமார் 27 நாள் உற்றுப் பார்க்கிறது. கோள் ஒன்று விண்மீனுக்குக் குறுக்கே போனால் ஒளி சற்றுக் குறையும். சூரியன் அளவு விண்மீனை வியாழன் அளவு கோள் மறைத்தால் 1 சதவீதம். பூமி அளவு என்றால் 0.01 சதவீதம்கூட வராது.

ஒளி குறைந்துவிட்டது, சரி, கோள்தானா? உண்மையான ஆய்வு இங்கேதான் இருக்கிறது. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானில் 21 வில்விநாடி அகலம் (ஒரு பாகையில் 3600 வில்விநாடிகள்). பக்கத்திலுள்ள இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தாலும் அதே பிக்சலில் கலந்து கோள்போலத் தெரியும். ஒளி குறையும்போது வரைபடத்தில் தெரியும் பள்ளங்களின் ஆழம் ஒன்றுவிட்டு ஒன்று மாறினால் பெரும்பாலும் அது இரட்டை விண்மீன். எனக்கு மிகப் பிடித்த வேலை இந்தச் சரிபார்ப்புதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: 2015இல் இஸ்ரோ ஏவிய அஸ்ட்ரோசாட் என்ற விண்வெளித் தொலைநோக்கியின் தரவும் பொதுவில் உள்ளது.

சாதாரண மடிக்கணினி, கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி, லைட்கர்வ் என்ற இலவச மென்பொருள் போதும். முதலில் வாஸ்ப்-18 விண்மீனை எடுங்கள். அதன் கோள் 23 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிப்பதால், பள்ளங்கள் வரிசையாகத் தெளிவாகத் தெரியும்.