பூட்டுப் போட்ட ஓர் அறை

வணக்கம் சார்,

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வேலைக்காகப் பதினோரு வருடமாக நியூயார்க் பென் ஸ்டேஷனில் இறங்கி ஏறுகிறேன். பழைய ஸ்டேஷனின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறெரிகிறது. அந்தத் தூண்களை இடித்துவிட்டு இந்தப் பாதாளத்தைக் கட்டியிருக்கிறார்கள். அதைவிட வேதனை அங்கே படுத்துக்கிடப்பவர்கள். நாற்றம், கூச்சல், போதை. எங்கள் ரயில் பக்கம் ஒரு வயதான அம்மா உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். இரண்டு காலும் பானை மாதிரி வீங்கியிருக்கும். காபி கொடுத்தால் வாங்கிக்கொள்வார், பேசமாட்டார். போலீஸ் ஏன் இவர்களைக் காப்பகத்துக்கு அனுப்பக் கூடாது? இவர்களே விரும்பித்தான் இப்படி இருக்கிறார்களா? ஸ்டேஷனைப் பழையபடி கட்டினால் இதெல்லாம் மாறுமா?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

கடைசிக் கேள்விக்கு ஒரு சொல் போதும்: மாறாது. 1910-இல் திறந்த கட்டடம். நெடுஞ்சாலையும் விமானமும் பயணிகளை அள்ளிக்கொண்டு போக, நொடித்துக்கொண்டிருந்த பென்சில்வேனியா ரயில்ரோடு தன் தலைக்கு மேலிருந்த ஆகாயத்தை, அதாவது ஸ்டேஷனுக்கு மேலே கட்டிக்கொள்ளும் உரிமையை, விற்றது. 1963 அக்டோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். இன்று மேலே மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற விளையாட்டரங்கம், கீழே நீங்கள். தூணுக்காக அழ நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அந்த இடிப்பின் அதிர்ச்சியில் 1965-இல் வந்த பாரம்பரியக் கட்டடச் சட்டத்தால் நியூயார்க்கின் இன்னொரு பெரிய ரயில் நிலையமான கிராண்ட் சென்ட்ரல் பிழைத்தது. அவ்வளவு அழகும் அப்படியே இருக்க, 1980களில் அதன் காத்திருப்புக் கூடத்திலும் வீடற்றவர்கள்தான் நிறைந்து படுத்திருந்தார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த அம்மாவின் கால். பதினோரு வருடத்தில் தினமும் எத்தனையோ பேர் அவரைக் கடந்து போயிருப்பார்கள். நீங்கள் காலைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கண்ணுக்காகத்தான் இந்தப் பதில். திட்டு பின்னால் வருகிறது.

அந்த வீக்கம் பெரும்பாலும் உட்கார்ந்து தூங்குவதால் வருவது. இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்று வேறு காரணங்களும் இருக்கலாம், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் வேறு நோயே இல்லாதவரையும் மாதக்கணக்கில் நாற்காலியில் தூங்க வைத்தால் கால் இப்படி ஆகும். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறக் கெண்டைக்கால் தசை அசைந்து பிழிந்துவிட வேண்டும், அல்லது காலைச் சமமாக நீட்டிப் படுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நீர் தோலுக்கடியில் தேங்கும். தோல் இறுகிப் பளபளக்கும், பிறகு வெடித்துக் கசியும். கசிவு சாக்ஸை நனைக்கும். ஈர சாக்ஸுக்குள் தோல் ஊறிப் புண்ணாகும். அந்த நாற்றத்தைத்தான் உங்கள் கடிதம் முதலில் சொல்கிறது.

மருத்துவமனைக்குப் போனால் காலை இதயத்துக்கு மேல் உயர்த்தி வைக்கச் சொல்வார்கள். எங்கே வைப்பது? நீர் இறங்க ஒரு மாத்திரையும் கொடுப்பார்கள். அதை விழுங்கினால் சில மணி நேரத்துக்குச் சிறுநீர் அடக்க முடியாது. ஒவ்வொரு முறை எழுந்தால் இடம் போகும், பையும் போகலாம். அதனால் மாத்திரை பையிலேயே கிடக்கும். அடுத்த முறை கோப்பில் ‘மருந்து எடுக்க ஒத்துழைப்பதில்லை’ என்று எழுதுவார்கள். நாமும் வாசித்துவிட்டு, ஆமாம், இவர்களே விரும்பித்தான் என்போம்.

பெஞ்சுக்கு நடுவே கைப்பிடி வைப்பது படுக்கவிடாமல் செய்யத்தான். கூட்டத்தைக் குறைக்க அதற்கு அடுத்த படி, பெஞ்சையே எடுத்துவிடுவது. பென் ஸ்டேஷனுக்கு எதிரே, பழைய தபால் நிலையக் கட்டடத்துக்குள் ஏறத்தாழ 160 கோடி டாலர் செலவில் மொய்னிஹன் கூடம் 2021 ஜனவரி 1 அன்று திறந்தபோது, அந்தப் பிரம்மாண்டமான கண்ணாடிக் கூரைக்கடியில் பொதுமக்கள் உட்கார ஒரு பெஞ்ச் இல்லை. டிக்கெட் உள்ளவர்களுக்குத் தனியாக ஓர் இடம், அவ்வளவுதான். வீடற்றவர் தரையில் உட்கார்கிறார். முழங்கால் வலிக்கும் பயணியும் தரையில் உட்கார்கிறார்.

போலீஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போக்குவரத்து நிலையத்தில் சும்மா நிற்பதைக் குற்றமாக்கிய மாநிலச் சட்டப் பிரிவை நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988-இல் செல்லாதாக்கியது. பார்த்தால் வீடற்றவர் போல இருக்கிறார் என்பதற்காக மட்டும் பென் ஸ்டேஷனிலிருந்து யாரையும் வெளியேற்றக் கூடாது என்று 1995-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் போலீசுக்குத் தடை போட்டது. விரட்டினாலும் எங்கே போவார்கள்? ஒரே கூரைக்குள் மூன்று ரயில் நிறுவனங்களின் பகுதிகள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து விரட்டினால் அடுத்ததற்குப் போவார்கள்.

காப்பகமும் சட்டப்படி உண்டு. 1979-இல் தொடுத்த வழக்கு 1981-இல் ஒரு நீதிமன்ற உடன்பாடாக முடிந்தது: படுக்கை கேட்டு வருகிற ஆணுக்கு நகரம் படுக்கை தந்தாக வேண்டும். பெண்களுக்கு அடுத்த வழக்கில் கிடைத்தது. முதல் வழக்கு யார் பெயரில் நடந்ததோ அந்த ராபர்ட் காலஹன் உடன்பாடு கையெழுத்தாகும் முன்பே தெருவில் இறந்துபோனார். ஆக, படுக்கை இருக்கிறது. பலர் ஏன் போவதில்லை? பொதுக்கூடத்தில் வரிசைக் கட்டில். தலைமாட்டில் வைத்த ஷூ காலையில் இருக்காது. பக்கத்துக் கட்டிலில் யார் என்று தெரியாது. இன்ன நேரத்துக்குள் வரவேண்டும், இன்ன நேரத்தில் வெளியேற வேண்டும். ஸ்டேஷனில் வெளிச்சம் உண்டு, கேமரா உண்டு, நடமாட்டம் உண்டு. பையை அணைத்துக்கொண்டு உட்காரும் ஒரு பெண் போடுகிற கணக்கு முட்டாள்தனமானதில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

‘இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்’ என்று யாரும் கேட்பதில்லை. மனநல மருத்துவமனைகளைக் காலி செய்ததால் வந்தார்கள் என்பது எல்லோரும் சொல்லும் பதில். அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் 1955-இல் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள், 1980-இல் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. சரி. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். 1960களிலேயே கூட்டம் கூட்டமாக வெளியே வந்துவிட்டார்கள். ஸ்டேஷன்கள் நிறைந்தது 1970களின் கடைசியில். நடுவில் அவர்கள் எங்கே தூங்கினார்கள்?

மேன்ஷனில். நம்மூர் வாசகர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை: ஒரு அறை, ஒரு கட்டில், நடைபாதைக் கோடியில் பொதுக் கழிப்பறை, வாரவாடகை அல்லது மாதவாடகை. நியூயார்க்கில் அப்படி லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. அதற்கும் கீழே பவரி தெருவின் தடுப்பறைகள், மேலே கோழிவலை அடித்தவை. நல்ல இடங்கள் என்று சொல்ல மாட்டேன். மூட்டைப்பூச்சி, தீ விபத்து, குடி, எல்லாம் உண்டு. ஆனால் உள்ளிருந்து தாழ் போடலாம்.

அந்த அறைகள் தாமாக அழியவில்லை. 1955-இல் நகரமே புதிதாக அப்படிக் கட்டத் தடை போட்டது. ஒழுங்கான மனிதர்கள் குடும்பமாகத்தான் வாழ்வார்கள் என்று நினைத்தார்கள். 1970களில் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த மேன்ஷன்களை நல்ல அடுக்ககங்களாக மாற்றுகிற உரிமையாளர்களுக்கு வரிச்சலுகை கொடுத்தார்கள். காலி செய்தவருக்குப் பரிசு! 1985-இல் விழித்துக்கொண்டு மாற்றவும் இடிக்கவும் தடை விதித்தார்கள். 1989-இல் அது சொத்துரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதற்குள் அறைகள் போய்விட்டன. ஆட்கள் போகவில்லை. நீங்கள் பென் ஸ்டேஷனில் தாண்டிப் போவது அந்த அறைகளின் பாக்கிக் கணக்கை.

‘போதை’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டீர்கள், கே.எஸ். உங்கள் அலுவலகத்தில் குடிப்பவர் இல்லையா? அவருக்குக் கதவு இருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. முதலில் குடியை விடு, மருந்தைச் சாப்பிடு, பிறகு வீடு தருகிறேன் என்பதுதான் வெகுகாலம் நடைமுறை. 1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அதே நியூயார்க்கில் வரிசையைத் திருப்பிப் போட்டார்: முதலில் சாவி, மற்றது பிறகு. தெருவில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களில் ஐந்தில் நால்வர் அளவுக்கு அந்த வீட்டில் நிலைத்தார்கள். டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் பாழடைந்த ஓர் ஓட்டலை வாங்கி 652 அறைகளாகச் செப்பனிட்டு, கீழேயே சமூகப் பணியாளர்களை உட்கார வைத்ததும் அதே காலத்தில்தான். புரியாத வித்தை ஒன்றுமில்லை. அறைதான் போதவில்லை.

அறை காலியாக இருந்தாலும் தாள் வேண்டும். அடையாள அட்டை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்க அடையாள அட்டை. இரண்டும் தொலைந்த பையில் இருந்தன. பிறகு மனநல மருத்துவரின் மதிப்பீடு, வாழ்க்கை வரலாற்று அறிக்கை, விண்ணப்பம், நேர்காணல். மதிப்பீடு பழையதாகிவிட்டால் திரும்ப முதலிலிருந்து. நடுவில் ஒருநாள் துப்புரவு என்று பையைக் குப்பையில் போட்டால் ஆறு மாத வேலை போச்சு. இதை அவருக்காக அலைந்து முடிக்க ஒரு பணியாளர் வேண்டும், அவர் அதே ஆளாக மாதக்கணக்கில் வரவும் வேண்டும்.

காபி கொடுப்பதை நிறுத்தாதீர்கள். கூடவே தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்குங்கள். அளவு பெரியதாக, மேல் பட்டி இறுக்காததாக இருக்கட்டும், வீங்கிய காலில் இறுக்கம் வெட்டிவிடும். தூங்கும்போது எழுப்பாதீர்கள், தொடாதீர்கள். எழுந்திருக்கும்போது பக்கவாட்டில் நின்று, காலைப் பார்த்தேன், சாக்ஸ் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வைத்துவிட்டு வராதீர்கள், அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். ஒரு கால் மட்டும் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் நடுக்கம் தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அவசர உதவி எண் 911. மற்ற நாட்களில் நகர நிர்வாகத்தின் உதவி எண்ணான 311-ஐ அழைத்து, எந்த ரயில் பக்கம், எந்தப் படிக்கட்டுக்கு அருகே, எந்த நேரத்தில் அவர் இருப்பார் என்று துல்லியமாகச் சொல்லுங்கள். ‘பென் ஸ்டேஷனில் ஒரு வயதான பெண்’ என்றால் வருகிற பணியாளருக்கு அவரைக் கண்டுபிடிக்க முடியாது.