பழைய 911 வாங்கலாமா, புதிய 911 வாங்கலாமா?

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். போர்ஷே 911 வாங்க வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே ஆசை. வார இறுதியில் மட்டும் ஓட்டுவேன். ஐந்தாறு வருடத்தில் கோவை திரும்பும்போது விற்றுவிட வேண்டும். 911-இன் புதிய தலைமுறையான 992-ஐ கடனில் எடுப்பதா, கையிலிருக்கும் பணத்துக்குப் பழைய தலைமுறைகளான 996 அல்லது 997 எடுப்பதா? 'பழசு விலை ஏறும், புதுசு இறங்கும்' என்கிறார் அலுவலக நண்பர். உண்மையா?
- வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதிதான் சரி. வயதானதால் மட்டும் எந்த 911-க்கும் விலை ஏறியதில்லை. போர்ஷே இனிமேல் செய்யவே போவதில்லை என்று ஆகிவிட்ட ஏதோ ஒன்று அதில் இருந்தால்தான் ஏறும்.

அடுத்தடுத்து வந்த இரண்டு தலைமுறைகளான 993-ஐயும் 996-ஐயும் பாருங்கள். 993-இன் உற்பத்தி 1998-இல் நின்றது. காற்றால் குளிரும் இன்ஜின் கொண்ட கடைசி 911 அதுதான். 996 வெளிவந்தது 1997-இல். கிட்டத்தட்ட ஒரே வயது, இரண்டாவதற்கு சக்தியும் அதிகம். ஆனால் 993-இன் விலை 2010-களில் மளமளவென்று ஏறியது, 996 மலிவான 911 என்ற பெயரோடு கீழேயே கிடந்தது. தண்ணீரால் குளிரும் இன்ஜின், போர்ஷேயின் விலை குறைந்த இன்னொரு காரான பாக்ஸ்டரின் முகத்தையே இதற்கும் வைத்தது, வட்ட விளக்குகள் போனது, எல்லாமே பழைய ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை.

அதோடு ஒரு பேரிங் பிரச்னையும் சேர்ந்துகொண்டது. கரேரா எனப்படும் சாதாரண 996-இன் இன்ஜினுக்குள் ஓர் இடைத்தண்டு உண்டு. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் செயின்களுக்கு ஓட்டம் தருவது அதுதான். அந்தத் தண்டின் முனையில் உள்ள பேரிங் உடைந்தால் செயினின் டைமிங் தவறும், வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜினே போய்விடும். எல்லா வண்டியிலும் உடையாது. ஆனால் உடைந்தால் செலவு பெரிது என்பதால் பயம் விலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்து, 2013-இல் சமரசமானது. 996-லேயே டர்போ, ஜிடி3 என்ற வேகமான மாடல்கள் வேறு இன்ஜின் கொண்டவை, இந்த பேரிங் அவற்றில் இல்லை. அவற்றின் விலை தனி உலகம்.

புதுசுக்கு வருவோம். 992 ஒரு லட்சம் யூரோவைத் தாண்டிய கார். ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் முதல் சில வருடங்களில்தான் அதிகம் இறங்கும். நீங்கள் ஆசையாகச் சேர்க்கும் தோல் தையல், விசேஷ சீட் இவற்றுக்கெல்லாம் விற்கும்போது அரைப் பணம்கூட வராது. இதில் கடன் வட்டியும் சேர்ந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். ஜிடி3 போன்றவை விதிவிலக்கு. ஆனால் அங்கேயும் கவனம் தேவை. 2016-இல் 911 ஆர் என்ற மாடலை, எண்ணிக்கையில் 991 வண்டிகள் மட்டும் செய்தார்கள். மேனுவல் கியர், 500 குதிரைத் திறன். வெளியான கையோடு பல மடங்கு விலைக்குப் போனது. அடுத்த வருடமே ஜிடி3-இல் மேனுவல் கியர் திரும்ப வந்ததும் அந்த விலை சரிந்தது. இன்றும் அது விலை உயர்ந்த கார்தான். ஆனால் உச்சத்தில் வாங்கியவருக்கு நஷ்டம். தொழிற்சாலை இன்னும் செய்துகொண்டிருக்கும் பொருளின் அபூர்வத்தை நம்பிப் பணம் போடக்கூடாது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது 997, அதிலும் 2008-இல் வந்த இரண்டாம் கட்டம். இன்ஜினைப் புதிதாக வடிவமைத்து, அந்த இடைத்தண்டையே எடுத்துவிட்டார்கள். வட்ட விளக்குகள் அதற்கு முன்பே திரும்பிவிட்டன. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டியரிங், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத கரேரா இன்ஜின் இரண்டும் உண்டு. 2011-இல் வந்த அடுத்த தலைமுறையான 991-இல் ஸ்டியரிங் மின்சாரத்துக்கு மாறியது; 2015-இல் கரேராவுக்கு டர்போ வந்தது. ஆகவே 997 கரேராவில் இருப்பது திரும்ப வராது. ஆறு கியர் மேனுவலாகப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் சௌகரியம்தான், ஆனால் நாளை தேடி வரப்போகிறவர் மேனுவலைத்தான் கேட்பார்.

பணம் போதாவிட்டால் 996-ஐ ஒதுக்க வேண்டாம். பேரிங் மாற்றிய பில் கையில் இருக்கும் வண்டி நல்ல பேரம். ஜெர்மனியில் முதல் பதிவாகி 30 வருடம் ஆன, அசல் நிலையில் இருக்கும் காருக்குப் பழம்பெரும் வண்டிக்கான எச் நம்பர் பிளேட் கிடைக்கும். முதல் 996-கள் 2027-இலிருந்து அந்த வயதைத் தொடுகின்றன. ஆகவே சைலன்சர், சக்கரம் எதையும் மாற்ற வேண்டாம். முந்தையவர் மாற்றியிருந்தால் அசல் பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

எந்தத் தலைமுறையானாலும் சோதனை முக்கியம். இன்ஜின் கணினி ஓடிய மணி நேரத்தைக் கணக்கு வைத்திருக்கும். மெக்கானிக்கை அதைப் படிக்கச் சொல்லி, மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மணியால் வகுங்கள். 60,000 கி.மீ., 2,500 மணி என்றால் சராசரி வேகம் 24. நெடுஞ்சாலையில் மட்டும் ஓடியது என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள், மீட்டரில் கை வைத்திருக்கலாம். அளவு மீறி இன்ஜினை முறுக்கியதும் அதே கணினியில் பதிவாகியிருக்கும். ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்து உலோகத் துகள் மினுக்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் சின்ன கேமராவை விட்டுச் சுவரில் கீறல் தேடுவதும் அவசியம், முதல் கட்ட 997-இல் கட்டாயம். புகைக்குழாய் இரண்டில் ஒன்றில் மட்டும் கரி அப்பியிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

கோவைக்குக் கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய காரை இறக்குமதி செய்ய, செய்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஜெர்மன் வண்டி இரண்டாவதிலேயே அடிபடும். அங்கேயே விற்கத்தான் வேண்டும் என்பதால் ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும், டயர் பில் உட்பட, ஒரே ஃபைலில் வையுங்கள். வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் அடங்கும் வண்டியைத் தேடுங்கள். சோதனைக்கு விடமாட்டேன் என்பவரிடம் பேரம் பேசாமல் அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.