பேட்டரியை மாட்டும்போது தீப்பொறி: புது வயரிங்கைச் சோதிப்பது

காருக்குப் புது வயரிங் போட்ட பிறகு, எல்லா சுவிட்சும் ஆஃபில் இருந்தும் பேட்டரியில் கேபிள் தொட்டதும் பொறி பறக்கிறது என்றால், மறுபடி நேரடியாகத் தொட்டுப் பார்க்காதீங்க. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் எர்த் கேபிளுக்கும் (கார் பாடியோடு சேரும் கேபிள்) நடுவே ஒரு 12 வோல்ட் 21 வாட் பல்பைத் தொடராக மாட்டுங்க. உள்ளே முழு ஷார்ட்டே (கரன்ட் வயர் நேராக பாடியைத் தொடுவது) இருந்தாலும் 2 ஆம்பியருக்குள்தான் ஓடும், வயர் உருகாது.

பல்பு எரியவே இல்லை என்றால் நல்லது. மங்கலாக எரிந்தால் கதவு விளக்கு மாதிரி ஏதோ ஒன்று கரன்ட் இழுக்கிறது. முழு வெளிச்சம் என்றால் ஷார்ட். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்க. எதைக் கழற்றியதும் அணைகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. எல்லாவற்றையும் கழற்றியும் எரிகிறதா? பழைய கார்கள் பலவற்றில் இக்னிஷன், ஹெட்லைட் லைன்களுக்கு ஃபியூஸே கிடையாது, அங்கே தேடுங்க. டாஷ்போர்டு ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கிய வயர், ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே உள்ள தகடு) ரப்பர் வளையம் போடாத வயர் ஓட்டை, இந்த இரண்டையும் முதலில் பாருங்க. வயரை அங்கங்கே பிடித்து அசைக்கும்போது பல்பு மினுக்கினால் இடம் கிடைத்துவிட்டது.

மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்ப்பதாக இருந்தால் பேட்டரியையும் விளக்கு பல்புகளையும் கழற்றிவிடுங்க. குளிர்ந்த ஃபிலமென்ட்டே ஷார்ட் போலக் காட்டி ஏமாற்றும்.

சோதனை பல்பு இருக்கும்போது ஸ்டார்ட்டரை இயக்காதீங்க. ஷார்ட் இல்லை என்று தெரிந்தாலும், தளர்ந்த எர்த்தை இந்தச் சோதனை காட்டாது. பல்பை எடுத்த பிறகு, ஹெட்லைட் எரியும்போது அதன் எர்த் முனைக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் இடையே வோல்ட் பாருங்க. 0.5 தாண்டினால் இணைப்பைச் சுரண்டி இறுக்கணும்.