தெருவுக்குள் லாரி: பலகைக்குப் பின்னால் உத்தரவு இருக்கிறதா?

குடியிருப்புத் தெருக்களில் லாரிகளைக் கட்டுப்படுத்துவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பிரிவு எண்கள், வேறு சட்டம் குறிப்பிடாத இடங்களில், 2019 திருத்தத்துடன் கூடிய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தைச் சேர்ந்தவை.

கேள்வி: எங்கள் தெரு 400 மீட்டர் நீளம். இரண்டு பெரிய சாலைகளை இணைக்கிறது. சிக்னலில் நிற்க விரும்பாத லாரிகளெல்லாம் இதற்குள் புகுந்து போகின்றன. சங்கச் செலவில் ‘கனரக வாகனங்கள் நுழையக் கூடாது’ என்று பலகை வைத்தோம். யாரும் மதிப்பதில்லை. போலீஸாரோ கேஸ் போட முடியாது என்கிறார்கள். ஏன்? (குடியிருப்போர் நலச் சங்கம், சென்னை மாதவரம்)

பதில்: போலீஸார் சொல்வது சரி. நீங்கள் வைத்தது அறிவிப்பு, தடை அல்ல. ஒரு சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடுக்கும் அதிகாரம் 115ஆம் பிரிவின்படி மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் அளித்த அதிகாரிக்கும்தான் உண்டு. அவர்கள் அரசிதழில் அறிவிக்க வேண்டும். பிறகு 116ஆம் பிரிவின்படி போக்குவரத்துப் பலகையை அவர்களே வைக்க வேண்டும். தனியார் தங்கள் விருப்பத்துக்குப் போக்குவரத்துப் பலகை நட அந்தப் பிரிவில் இடமில்லை.

அபராதத் தொகையும் இந்த உத்தரவைப் பொறுத்தே மாறுகிறது. பலகையை மீறியதாக மட்டும் வழக்கு என்றால் 177ஆம் பிரிவு: முதல் முறை 500 ரூபாய். 115இன் கீழ் முறையான தடை உத்தரவு இருந்து அதை மீறினால் 194(1): 20,000 ரூபாய். வண்டியை ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவரும் அனுமதித்தவரும் அதில் அடக்கம். 500 ரூபாயை லாரிக்காரர் வழிச்செலவில் எழுதிவிட்டுப் போய்விடுவார். 20,000 என்றால் முதலாளியே டிரைவரைக் கூப்பிட்டு வழியை மாற்றச் சொல்வார்.

ஆகவே மனு போடுங்கள். ஆனால் ‘லாரித் தொல்லை தாங்கவில்லை’ என்று இரண்டு பக்கம் புலம்பி எழுதினால் அது கோப்பிலேயே தூங்கும். கணக்கெடுத்துக் கொடுங்கள். தெருவின் இரு முனைகளிலும் ஒருவர் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு லாரியின் பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கம், சக்கரங்களின் எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். கைபேசிகளின் நேரத்தை முதலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மாலையில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெரியும். 400 மீட்டரை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடக்க 72 விநாடி போதும். உள்ளே போன லாரி இரண்டு மூன்று நிமிடத்தில் மறுமுனையில் வெளியேறினால், அது சரக்கு இறக்க வந்ததல்ல, குறுக்குவழியாகப் போனது. அரை மணி நேரம் உள்ளே நின்றது உங்கள் தெருக் கடைக்கோ, வீடு கட்டும் இடத்துக்கோ வந்தது. தடை வேண்டியது முதல் வகைக்கு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் கொடுத்தால், ‘உங்கள் தெருக்காரர்களுக்குத்தானே லோடு வருகிறது’ என்று ஒரே வரியில் மனுவை மூடிவிடலாம். வாரநாள் மூன்று, ஞாயிறு ஒன்று எடுத்தால் போதும்.

மனுவைக் காவல் ஆணையரகத்தின் போக்குவரத்துப் பிரிவுக்கும், நகல்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் மாநகராட்சிப் பொறியாளருக்கும் அனுப்புங்கள். ஆணையரகம் இல்லாத ஊர்களில் மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் கொடுங்கள். உத்தரவில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுப்பது நல்லது: தடை எந்த முனையில் தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நேரம், யாருக்கு விலக்கு, லாரிகள் மாற்றாக எந்த வழியில் போவது. மாற்றுவழியைச் சொல்லாத மனு பெரும்பாலும் தோற்கும். அல்லது லாரிகள் அடுத்த தெருவுக்குப் போய், அந்தத் தெருக்காரர்கள் உங்கள் மேல் மனு போடுவார்கள்.

வண்டி வகையை எடையால் சொல்லுங்கள். சட்டத்தில் கனரகச் சரக்கு வாகனம் என்றால் மொத்த எடை (வண்டியும் அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட சரக்கும் சேர்ந்து) 12,000 கிலோவுக்கு மேல். 7,500 முதல் 12,000 கிலோ வரை நடுத்தரம். ‘கனரக’ என்று மட்டும் உத்தரவு வந்தால் சின்ன ஆறு சக்கர லாரிகள் பல சட்டப்படியே உள்ளே வந்துபோகும். ‘மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்கள்’ என்று கேளுங்கள். குட்டியானை எனப்படும் டாட்டா ஏஸ் போன்றவை இதில் தானாகவே தப்பிவிடும்.

இன்னொரு வசதி: ஒரு மாதத்துக்கு மிகாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை; அந்த வட்டாரத்தில் விளம்பரப்படுத்தினால் போதும் என்று 115ஆம் பிரிவே சொல்கிறது. நிரந்தரத் தடைக்குத் தயங்கும் அதிகாரியிடம் முப்பது நாள் வெள்ளோட்டம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் காலை 7 முதல் இரவு 9 வரை லாரிகளுக்குத் தடை. பலகையும் போலீஸ் வைத்ததுதான். ஆனாலும் வருகிறார்கள். போன் செய்து போலீஸ் வருவதற்குள் லாரி போய்விடுகிறது. இரவில் ஹாரன் சத்தம் வேறு. (வாசகர், திருப்பூர்)

பதில்: முதலில் உத்தரவின் நகலைக் கையில் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நகலில் இருக்கும் நேரமும் பலகையில் இருக்கும் நேரமும் ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் வழக்கு பலவீனமாகும்.

அடுத்து பலகை நிற்கும் இடம். தெரு முனையிலேயே வைத்தால் டிரைவர் அதைப் பார்க்கும்போது பாதி திரும்பியிருப்பார். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். அவர் டாரஸை (பல சக்கரப் பெரிய லாரி) ரிவர்ஸ் எடுக்கவா முடியும்? உள்ளே வந்துவிடுவார். எனவே திருப்பத்துக்கு ஐம்பது முதல் நூறு மீட்டர் முன்பே, மாற்றுவழி அம்புக்குறியுடன் ஒரு முன்னறிவிப்புப் பலகை வேண்டும். முனையில் இருப்பது வெள்ளைப் பின்னணி, சிவப்பு விளிம்பு, நடுவில் லாரிப் படத்தின் மேல் சாய்கோடு என்ற வட்டப் பலகையாக இருக்க வேண்டும். நகரத் தெருவுக்கு 600 மி.மீ. விட்டம், அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குக் குறையாமல். நேரம் கீழே தனித் தகட்டில். ஒளி திருப்பும் தாள் ஒட்டாத பலகை இருட்டில் இல்லாததற்குச் சமம். வேப்பமரக் கிளை மறைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல ஊர்களில் பிரச்சினையே அதுதான்.

ஒவ்வொரு லாரிக்கும் போன் செய்வதில் பயனில்லை. இரண்டு வாரம் நேரம் குறித்தால், பெரும்பாலும் குறிப்பிட்ட இரண்டு மணி நேரத்தில், ஒரே சில வண்டிகள்தான் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்த நேரத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்தால், ஆய்வாளர் மூன்று நாள் ஆள் நிறுத்துவது சாத்தியம். படம் எடுத்து அனுப்பினால் பதிவெண், தடைப் பலகை, இடம் மூன்றும் ஒரே படத்தில் தெரியட்டும். தேதியும் நேரமும் பதிவாகியிருக்கட்டும். சங்கம் வைத்த கேமரா துப்பு கொடுக்கும். ஆனால் தானியங்கி அபராத நோட்டீஸுக்கு அது உதவாது. மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி அதற்கு அங்கீகாரச் சான்று பெற்ற கருவி வேண்டும்.

லாரி அதிக லோடு ஏற்றியதாகத் தோன்றினால் அதையும் எழுதுங்கள். 114ஆம் பிரிவின்படி அதிகாரி வண்டியை எடை மேடைக்கு அனுப்பலாம். மேடை வண்டி போகும் வழியில் பத்து கிலோமீட்டருக்குள்ளோ, சேருமிடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும். 194(1)இன் 20,000 ரூபாயோடு, கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் சேரும். எடை போட மறுத்தால் 40,000.

ஹாரன் தனி விஷயம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை அவசரம் தவிர ஹாரன் கூடாது என்று ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. 194எஃப் பிரிவில் தேவையில்லாத ஹாரனுக்கு முதல் முறை 1,000, அடுத்த முறை 2,000.

டிரைவரோடு தெருவில் நின்று மல்லுக்கட்டாதீர்கள். எந்த நேரத்துக்கு லோடு போய்ச் சேர வேண்டும் என்பதை முடிவு செய்பவர் குடோன்காரர். வண்டிக் கதவில் எழுதியிருக்கும் உரிமையாளருக்கும், சரக்கு போகும் குடோனுக்கும் உத்தரவு நகலோடு ஒரு விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று பிறகு சொல்ல முடியாது.

கேள்வி: தெரு முனையில் இரும்பு உயரத் தடுப்பு வைத்துவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடுமே? (வாசகி, மதுரை)

பதில்: முடியாது. தீயணைப்பு வண்டியும் லாரி சேசிஸ் மேல் கட்டியதுதான். டிப்பரைத் தடுக்கும் உயரம் அதையும் தடுக்கும். பள்ளிப் பேருந்து, குப்பை லாரி, கழிவுநீர் லாரி எல்லாமே ஏறக்குறைய மூன்று மீட்டர். இரண்டரை மீட்டரில் வைத்தால் உயர்கூரை ஆம்புலன்ஸும் மாட்டும். அதே சமயம் காலி ட்ரெய்லர் தாழ்வாகவே இருக்கும்; அதன் முன்பகுதி நுழைந்துவிட்டால் மற்றதும் வந்துவிடும். அகலத்தைக் குறுக்கும் தூண்களுக்கும் இதே சிக்கல்.

தெரு உள்ளாட்சியின் சொத்து. சங்கம் தூண் நட்டால் சங்கத்தின் மேல்தான் வழக்கு வரும். உள்ளாட்சியே வைப்பதானால் திறந்து மூடும் வகையாக, சாவி தீயணைப்பு நிலையத்திலும் காவல் நிலையத்திலும் இருக்கும்படி, முன்னே எச்சரிக்கைப் பலகையுடனும் ஒளி திருப்பும் பட்டையுடனும் வைக்கலாம். பதினாறு சக்கர ட்ரெய்லர்தான் தொல்லை என்றால் இதைவிட நல்ல வழி, முனையில் நடைபாதை ஓரத்தைச் சற்று முன்னே இழுத்துத் திருப்பத்தை இறுக்குவது. இரண்டு அச்சுள்ள தீயணைப்பு வண்டி திரும்பும், ட்ரெய்லர் திரும்பாது. ஆனால் இதனால் டிப்பர் நிற்காது.

கேள்வி: வேகத்தடை கேட்கலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: லாரி வருவதை அது நிறுத்தாது. காலி டிப்பர் மேட்டில் ஏறி இறங்கும்போது பின்கதவு அடிக்கும் சத்தம் இரவில் நான்கு வீடு தாண்டிக் கேட்கும். வேகமே பிரச்சினை என்றால், சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவுப்படி, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரமுள்ள வளைந்த மேட்டை உள்ளாட்சியிடம் கேளுங்கள். குறுகலாகப் போடும் கான்கிரீட் வரம்பு வேண்டவே வேண்டாம். வீட்டில் அதிர்வு என்று எழுதுபவர்கள் முதலில் வாசலில் உள்ள பாதாளச் சாக்கடை மூடியைப் பாருங்கள். சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கியோ ஆடிக்கொண்டோ இருந்தால் அதிர்வில் பெரும்பகுதி அங்கிருந்துதான்.

கேள்வி: எங்கள் ஊராட்சிச் சாலையில் கல்குவாரி டிப்பர்கள் ஓடிச் சாலையே போய்விட்டது. கிராம சபையில் தீர்மானம் போட்டால் நிறுத்த முடியுமா? (வாசகர், கரூர் மாவட்டம்)

பதில்: தீர்மானமே தடை ஆகாது. ஆனால் ஆட்சியரிடம் 115இன் கீழ் கேட்க அது வலுவான ஆதாரம். ‘சாலையின் தன்மை’யும் தடைக்கு ஒரு காரணம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. சேதத்தைப் பொறியாளர் கணக்கில் சொல்லுங்கள்: சாலைச் சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்கில் ஏறும்; அதாவது ஒரு அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. கணக்குக்கு அடிப்படையான 8.16 டன் அச்சோடு ஒப்பிட்டால், சட்டம் அனுமதிக்கும் 11.5 டன் அச்சே ஏறக்குறைய நான்கு மடங்கு சேதம் தரும். அதிக லோடில் அச்சு 16 டன்னைத் தொட்டால் ஏறக்குறைய பதினைந்து மடங்கு.

கனிமவளத் துறையிடம் குவாரியின் குத்தகை நிபந்தனைகளையும் நடைச்சீட்டு (கனிமம் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டு) விவரத்தையும் தகவல் உரிமையில் கேளுங்கள். சீட்டில் உள்ள அளவுக்கும் டிப்பரில் ஏறுவதற்கும் வித்தியாசம் இருந்தால், அந்தத் துறையே நடவடிக்கை எடுக்க வேண்டிய விஷயம் அது. தார்ப்பாய் மூடாமல் ஜல்லி சிந்தி, பொதுவழி ஆபத்தாகியிருந்தால் கோட்டாட்சியரிடம் பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 133) மனு கொடுக்கலாம். ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு நகல் போகட்டும்; காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை அதிகாரிகள் ஒரே மேசையில் உட்காருவது அங்கேதான்.

கேள்வி: மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறேன். தடை வந்தால் என் லோடு எப்படி வரும்? (வியாபாரி, கும்பகோணம்)

பதில்: உத்தரவு வருவதற்கு முன்பே விலக்கு கேளுங்கள், வந்தபின் திருத்துவது கடினம். ‘இத்தெருவில் சரக்கு ஏற்ற இறக்க வரும் வாகனங்களுக்குக் காலை 6 முதல் 8 வரை விலக்கு’ என்பது போன்ற வாசகம் போதும். பில்லில் உங்கள் கடை முகவரி தெளிவாக இருக்கட்டும். நிறுத்திக் கேட்டால் டிரைவர் காட்ட வேண்டியது அதைத்தான். லோடுமேன்கள் அந்த நேரத்துக்கு வருவார்களா என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். வர மாட்டார்கள் என்றால் வெளியே குடோனில் இறக்கிக் குட்டியானையில் கொண்டுவருவதுதான் வழி. அந்தக் கூடுதல் வாடகையையும் கூலியையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.